வெள்ளத்தில் நின்ற வாகனம் பாதி விலைக்கு வந்தால்

மீளத் திரும்பும் குடும்பங்கள் வீட்டையும் தண்ணீரையும் பற்றிக் கேட்ட பிறகு அடுத்ததாகக் கேட்பது பெரும்பாலும் வாகனத்தைப் பற்றித்தான். சிலருக்கு ஓடி உழைத்த முச்சக்கரவண்டி சேற்றோடு போய்விட்டது. சிலருக்குத் தோட்டத்துப் பாதை உடைந்து பஸ் வருவதில்லை. பிள்ளைகளைப் பாடசாலைக்குக் கொண்டுபோகவும் மரக்கறியைச் சந்தைக்கு இறக்கவும் ஏதாவது ஒன்று வேண்டும். இப்படியான நேரத்தில்தான் தெரிந்தவர் ஒருவர் வந்து, "நல்ல வண்டி ஒன்று இருக்கு, கொஞ்சம் தண்ணி பட்டது, பாதி விலைக்குத் தர்றாங்க" என்று சொல்வார். வாங்குவதா, விடுவதா?

எங்கள் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். குடும்பத்துக்கு அன்றாடம் உழைத்துத் தர வேண்டிய ஒரே வாகனமாக, நீரில் மூழ்கிய வாகனத்தை வாங்க வேண்டாம். அடிபட்டுத் திருத்திய வாகனம் வேறு கதை. சேதத்தைக் கண்ணால் பார்க்க முடியுமென்றால் அதை யோசிக்கலாம். அடிபட்டதையும் மூழ்கியதையும் ஒரே பட்டியலில் போட்டுப் பார்ப்பதால்தான் பலர் ஏமாறுகிறார்கள்.

இந்த வாகனங்கள் எங்கிருந்து வருகின்றன

2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் வந்தபோது மாத்தளை மாவட்டத்தில் என்ன நடந்தது என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. கம்மடுவையில் ஒரே நாளில் 500 மில்லிமீற்றருக்கு மேல் மழை கொட்டியது. மலைப்பக்கத்தில் மண் சரிந்தது, பள்ளத்தில் ஆறுகள் கரை மீறின. வாசலில், வீதியோரத்தில், கராஜில் நின்ற வாகனங்கள் நின்ற இடத்திலேயே அமிழ்ந்தன. ஆனால் உங்களுக்கு விற்க வரும் வாகனம் இங்கே நனைந்ததாக இருக்க வேண்டும் என்றில்லை. அதே வெள்ளம் களனி கங்கையின் தாழ்நிலங்களையும் மூழ்கடித்தது. கொழும்புப் பக்கம் கழுத்தளவு நீரில் நின்ற வான் ஒன்று, கழுவித் துடைத்து, சில மாதங்களில் தம்புள்ளையிலோ கலேவெலயிலோ விற்பனைக்கு நிற்கலாம். 2016 மே மாதம் கொலன்னாவை, கடுவலைப் பக்கம் வெள்ளம் வந்தபோதும் பல வாகனங்கள் இப்படி நீரில் நின்றன. நனைந்த வாகனம் நனைந்த ஊரிலேயே விற்கப்படுவது குறைவு. அங்கே எல்லோருக்கும் கதை தெரியும்.

முழுக் காப்புறுதி உள்ள வாகனம் மோசமாகச் சேதமானால், திருத்தும் செலவு வாகனத்தின் பெறுமதியை நெருங்குகிறது என்று கம்பனி கணக்குப் போட்டு 'முழு இழப்பு' என்று முடிவு செய்யும். உரிமையாளருக்குப் பணத்தைக் கொடுத்துவிட்டு, உடைந்த வாகனத்தைத் தான் எடுத்து, கேள்விப்பத்திரம் மூலம் விற்கும். கராஜ் வைத்திருப்பவர்களும் வாகன வியாபாரிகளும் அதை வாங்குவார்கள். இதில் சட்டத்துக்கு மாறானது எதுவும் இல்லை. அவர்கள் என்ன வாங்குகிறோம் என்று தெரிந்துதான் வாங்குகிறார்கள். அதற்கு அடுத்த கைக்குப் போகும்போதுதான் வாகனத்தின் கதை காணாமல் போகிறது.

விலை ஏன் இவ்வளவு ஆசை காட்டுகிறது என்பதற்கும் காரணம் உண்டு. 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனிப்பட்ட பாவனை வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் திறந்தது. அந்த ஐந்து ஆண்டுகளில் பழைய வாகனங்களின் விலை புதியவற்றின் விலையைப் போல ஏறிவிட்டது. திறந்த பிறகும் வரி கடுமையாக இருக்கிறது. ஆகவே பாதி விலை என்று யாராவது சொன்னால் காது அந்தப் பக்கம் திரும்பத்தான் செய்யும்.

புத்தகத்தில் எழுதாதது

வெளிநாட்டில் உறவினர் இருந்தால், "புத்தகத்தைப் பார், அதிலேயே போட்டிருக்குமே" என்று சொல்லக்கூடும். அவர்கள் இருக்கும் நாட்டுக்கு அது சரி. அமெரிக்காவில் முழு இழப்பான வாகனத்துக்கு உரிமைப் பத்திரத்திலேயே 'சால்வேஜ்' என்று முத்திரை விழும். திருத்தி ஓட விட்டாலும் 'ரீபில்ட்' என்ற பெயர் போகாது. கனடாவின் ஒன்ராறியோவில் 2003 முதல் இப்படி முத்திரை குத்துவது கட்டாயம். பிரித்தானியாவில் 2017 முதல் ஏ, பி, எஸ், என் என்று நான்கு பிரிவுகள். முதல் இரண்டும் மீண்டும் வீதிக்கு வரவே முடியாது. ஜப்பான் ஏலத் தாளில் ஆர் அல்லது ஆர்ஏ என்று இருந்தால் அடிபட்டுத் திருத்திய வாகனம் என்று அர்த்தம்.

நமது மோட்டார் போக்குவரத்துத் திணைக்களம் வழங்கும் பதிவுச் சான்றிதழில் இப்படி ஒரு கோடு இல்லை. உரிமையாளர் பெயர், எஞ்சின் இலக்கம், சேஸி இலக்கம், தயாரித்த ஆண்டு, லீசிங் கம்பனி இருந்தால் அதன் பெயர், இவை இருக்கும். வாகனம் மூன்று நாள் ஆற்றுக்குள் கிடந்தது என்று எந்த மூலையிலும் இருக்காது. "புத்தகம் சுத்தம்" என்று விற்பவர் சொன்னால் அவர் பொய் சொல்லவில்லை; ஆனால் அது வாகனத்தைப் பற்றிய பேச்சும் இல்லை.

அதற்காகப் புத்தகத்தைப் பார்க்காமல் விடக் கூடாது. அதில் மூன்று விடயங்களைக் கட்டாயம் பாருங்கள். முதலாவது, முழு உரிமையாளர் என்ற இடத்தில் லீசிங் கம்பனியின் பெயர் இருக்கிறதா என்பது. இருந்தால் கடன் தீர்ந்து, கம்பனி விடுவித்த கடிதம் வரும்வரை ஒரு ரூபாவும் கொடுக்காதீர்கள். மற்றவர் கட்டாத தவணைக்கு உங்கள் வாசலில் இருந்து வாகனத்தை எடுத்துக்கொண்டு போவார்கள். இரண்டாவது, புத்தகத்தில் உள்ள எஞ்சின், சேஸி இலக்கங்களை வாகனத்தில் பொறித்திருப்பதோடு ஓர் இலக்கம் விடாமல் ஒப்பிடுவது. சேஸி இலக்கத்தைச் சுற்றித் தேய்த்த தடமோ, புதுப் பெயின்ரோ, வரிசை கோணிய எழுத்தோ இருந்தால் அங்கேயே விட்டுவிட்டு வாருங்கள். நொறுங்கிய வாகனங்களைச் சிலர் வாங்குவது இரும்புக்காக அல்ல, அதன் பத்திரங்களுக்காக. களவெடுத்த வாகனத்துக்கு அந்த இலக்கத்தைப் பொருத்தி விற்றுவிடுவார்கள். பொலிஸ் பிடித்தால் வாகனம் பறிபோகும், வாங்கியவர் நீதிமன்றத்துக்கு அலைய வேண்டும்.

மூன்றாவது, உங்களுக்கு முன்னால் நிற்கும் ஆள்தானா புத்தகத்தில் உள்ள உரிமையாளர் என்பது. பல கை மாறி, கையெழுத்து மட்டும் போட்டு வெறுமையாக விட்ட படிவங்களோடு வரும் 'ஓப்பன் பேப்பர்' வாகனங்கள் நிறைய உண்டு. வாகனத்தை உடைசலாக வாங்கித் திருத்தியவர் தன் பெயரைப் புத்தகத்தில் ஏற்ற விரும்பாததற்கு இதுவும் ஒரு வழி. அப்படியானால் புத்தகத்தில் இருக்கும் பழைய உரிமையாளரைத் தேடிப் பிடித்து ஒரு தொலைபேசி அழைப்பு எடுங்கள். "உங்கட வாகனத்த ஏன் வித்தீங்க?" என்ற ஒரே கேள்வி, பத்து கராஜ் பரிசோதனைக்குச் சமம். அவருக்கு மறைக்க எந்தக் காரணமும் இல்லை. "வெள்ளத்தில் போச்சு, கம்பனி காசு தந்தது" என்று அவரே சொல்லிவிடுவார்.

நீர் உள்ளே போய் என்ன செய்கிறது

"வெயிலில் காய வைத்துவிட்டோம், இப்போது ஸ்டார்ட் பண்ணினால் உடனே பிடிக்கிறது" என்பார்கள். பிடிக்கும். வெள்ளத்தில் நின்ற வாகனம் விற்கும் நாளில் ஓடும். அதுதான் அதன் ஆபத்து.

எஞ்சினுக்குள் காற்றையும் பெற்றோலையும் அழுத்தலாம், தண்ணீரை அழுத்த முடியாது. சிலிண்டருக்குள் நீர் இருக்கும்போது யாராவது அவசரப்பட்டு ஸ்டார்ட் பண்ணியிருந்தால் பிஸ்டனைத் தாங்கும் தண்டு சற்றே வளைந்திருக்கும். வளைந்த தண்டோடும் எஞ்சின் ஓடும், சில ஆயிரம் கிலோமீற்றருக்கு. பிறகு ஒருநாள் ஏற்றத்தில் சுமையோடு போகும்போது உடைந்து எஞ்சினையே துளைத்துக்கொண்டு வெளியே வரும்.

கியர்பெட்டிக்கும் பின் அச்சுப் பெட்டிக்கும் மூச்சுவிடச் சிறு துவாரம் உண்டு. சூடாக இருந்த பெட்டி குளிர் நீரில் அமிழும்போது அந்தத் துவாரத்தால் நீரை உள்ளே உறிஞ்சிக்கொள்ளும். ஒயில் அளவுக் கம்பியை இழுத்துப் பார்த்தால் ஒயில் பால் தேத்தண்ணி நிறத்தில் இருக்கும். விற்பவர் எஞ்சின் ஒயிலை மாற்றியிருப்பார். கியர் ஒயிலையும் பின் அச்சு ஒயிலையும் மாற்ற நினைக்காதவர்கள் உண்டு, அதனால் அவற்றையும் கழற்றிக் காட்டச் சொல்லுங்கள்.

அதைவிடக் கெட்டது சேறு. நமது ஆறுகளில் வந்தது தெளிந்த நீரல்ல, மலையே கரைந்து வந்த நீர். அந்த மண்டி சக்கர பெயாரிங்குகளிலும் பிறேக் டிரம்முக்குள்ளும் போய் உட்கார்ந்து, ஒவ்வொரு சுற்றிலும் உப்புத்தாள் போலத் தேய்க்கும். தட்டையான ஊரில் இதைக் கொஞ்ச நாள் சமாளிக்கலாம். ரத்தோட்டையில் இருந்து றிவர்ஸ்டன் பக்கமோ, எல்கடுவைப் பக்கமோ இறங்கி ஏறுகிறவருக்குப் பிறேக் என்பது உயிர். ஐந்து பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு பாடசாலைக்கு இறங்கும் முச்சக்கரவண்டியின் பிறேக்கில் நாம் சமரசம் செய்ய முடியாது.

பிறகு வயர்கள். மின் இணைப்புகளுக்குள் புகுந்த ஈரம் செம்பைப் பச்சையாக்கி, மெல்ல மெல்லத் தின்னும். மாதங்கள் கழித்து, காரணமே இல்லாமல் விளக்கு அணையும், மீற்றர் செத்துப்போகும், மழை பெய்த காலையில் வண்டி பிடிக்காது. எந்த வயர் என்று தேடுவதிலேயே கூலி போய்விடும். பழைய முச்சக்கரவண்டியில் வயர் குறைவு, தேடலாம். வானிலும் காரிலும் எஞ்சினை இயக்கும் கணினிப் பெட்டியும் காற்றுப்பையை இயக்கும் பெட்டியும் பல வகைகளில் கால் வைக்கும் தட்டுக்கு அருகே, ஆசனத்துக்கு அடியில் இருக்கின்றன. நீர் முதலில் எட்டும் இடம் அதுதான். விபத்தில் காற்றுப்பை விரியாமல் போகலாம், அல்லது சும்மா ஓடும்போது விரியலாம்.

ஹைபிரிட் வாகனமானால் நாங்கள் இன்னும் கடுமையாகச் சொல்வோம். அதன் பெரிய பற்றரி பெரும்பாலும் பின் ஆசனத்துக்கு அடியில் அல்லது பின் தட்டுக்கு அடியில், தாழ்வான இடத்தில் இருக்கும். மின்னழுத்தம் ஆளைக் கொல்லும் அளவு. செம்மஞ்சள் நிற வயரைச் சாதாரண கராஜ் ஆள் தொடவே கூடாது. நனைந்த ஹைபிரிட் எந்த விலைக்கு வந்தாலும் வேண்டாம்.

கழுவியதைக் கண்டுபிடிக்கச் சில இடங்கள் இருக்கின்றன. முதலில் மூக்கை நம்புங்கள்: கதவை மூடி ஐந்து நிமிடம் உள்ளே இருந்தால் பூஞ்சணமும் ஆற்றுச் சேறும் மணக்கும். உள்ளே வாசனைத் திரவியம் தலைவலி வருமளவுக்கு அடித்திருந்தாலும் அதே சந்தேகந்தான். இருக்கைப் பட்டியைக் கடைசி வரை இழுங்கள். கழுவுகிறவர்கள் பட்டியின் வெளியே தெரியும் பகுதியைத்தான் கழுவுவார்கள், சுருளின் உள்ளே சேற்றுக் கோடு இருக்கும். கால்விரிப்பைத் தூக்கி அடித்தட்டைப் பாருங்கள். ஆசனத்தைப் பிடித்திருக்கும் ஆணிகள் துருவேறியிருக்கிறதா, பத்து வருட வாகனத்தில் விரிப்பு மட்டும் புதுசா, முன்விளக்குக் கண்ணாடிக்குள் நீர்க்கோடு தெரிகிறதா, மேலதிக ரயர் வைக்கும் குழியில் மண் இருக்கிறதா? இவற்றில் இரண்டு பொருந்தினால் மேலே பார்க்க வேண்டியதில்லை.

அடிபட்ட வாகனம் என்றால்

மரம் விழுந்து கூரை நசுங்கியது, மதிலில் மோதி முன்பக்கம் போனது, இப்படியான சேதம் ஓர் இடத்தில் இருக்கும். திருத்தினால் திருத்தியதுதான், ஆறு மாதம் கழித்துக் கூரையிலிருந்து கியர்பெட்டிக்கு நோய் பரவாது. அதனால்தான் இதை வேறாகப் பார்க்கச் சொல்கிறோம். பார்க்க வேண்டியது ஒன்றே ஒன்று: சேஸி, அதாவது வாகனத்தின் முதுகெலும்பு, கோணியிருக்கிறதா?

முச்சக்கரவண்டிக்கு இதைப் பார்க்கக் கருவி தேவையில்லை. ஈர மண்ணிலோ நனைந்த சீமெந்துத் தரையிலோ இருபது அடி நேராக ஓட்டச் சொல்லுங்கள். இறங்கிப் போய் மூன்று தடங்களையும் பாருங்கள். முன் சக்கரத் தடம் பின் தடங்கள் இரண்டுக்கும் சரி நடுவில் ஓட வேண்டும். ஒரு பக்கம் ஒதுங்கினால் சேஸியோ முன் போக்கோ நேராக இல்லை. நான்கு சக்கர வாகனத்தில் பின் தடம் முன் தடத்தின் மேல் நேராக விழ வேண்டும். நண்டு போலச் சரிந்து நடந்தால் விட்டுவிடுங்கள். கையில் சின்னக் காந்தம் ஒன்று கொண்டு போங்கள். தகரத்தில் ஒட்டும், பூசி நிரப்பிய இடத்தில் ஒட்டாது. கதவின் ஓரத்தில் பூசியிருந்தால் பரவாயில்லை, எல்லாரும் எங்கேயாவது இடிப்பார்கள். தூண்களிலும் கூரை சேரும் இடத்திலும் பூசியிருந்தால் அது இரண்டு வாகனங்களை வெட்டி ஒட்டியதாகக்கூட இருக்கலாம்.

மண்சரிவில் புதைந்து எடுத்த வாகனம் இந்த இரண்டு வகையிலும் சேரும். மேலே பாரம், உள்ளே சேறு. அதைப் பற்றி நீண்ட பேச்சு வேண்டாம்.

கணக்கைப் போட்டுப் பாருங்கள்

ஒரு பேச்சுக்கு, நல்ல நிலையில் உள்ள முச்சக்கரவண்டி 11 இலட்சம் என்றும், அதே வருடத்து நனைந்த வண்டி ஆறரை இலட்சம் என்றும் வைப்போம். மிச்சம் நாலரை இலட்சம். எஞ்சினைப் பிரித்துச் செய்ய 120,000, வயரிங், மீற்றர், பற்றரிக்கு 60,000, பிறேக், பெயாரிங்குக்கு 40,000, ஆசனம், கூடாரத்துக்கு 50,000. ஆக 270,000. வேலை முடியும் வரை 25 நாள் வண்டி ஓடாது. நாளுக்குச் செலவு போக 3,000 உழைக்கிறவருக்கு அது இன்னும் 75,000. இப்போது மிச்சம் 105,000. நாளைக்கு நீங்கள் விற்கப் போகும்போது வாங்குகிறவரும் இந்தக் கட்டுரையைப் படித்திருப்பார். அந்த 105,000 அங்கே போய்விடும். அதற்கிடையில் வண்டி இன்னொரு முறை படுத்தால் நட்டம்.

இந்த எண்கள் எங்கள் கற்பனைதான். உங்கள் ஊர்க் கராஜில் விலை கேட்டு உங்கள் எண்களைப் போடுங்கள். ஆனால் ஒன்றை மட்டும் மாற்றாதீர்கள்: வண்டி நின்ற நாட்களின் கூலியைக் கணக்கில் சேர்ப்பது. அதைத்தான் எல்லோரும் மறக்கிறார்கள்.

இன்னொரு ஒப்பீடும் உண்டு. நனைந்த வண்டியை நல்ல வண்டியோடு ஒப்பிட்டால் மலிவாகத்தான் தெரியும். அதே ஆறரை இலட்சத்துக்கு, ஐந்தாறு வருடம் பழைய, ஆனால் ஒருபோதும் நனையாத வண்டி கிடைக்கிறதா என்று பாருங்கள். பெயின்ற் மங்கியிருக்கும், ஆசனம் கிழிந்திருக்கும். பார்க்க அழகில்லை. ஆனாலும் விடிந்தால் பிடிக்கும். நாங்கள் பழையதைத்தான் சொல்வோம்.

வீட்டில் இளவட்டங்கள் இருந்தால் இதுவும் வரும்: இரண்டு கதவு ஸ்போர்ட்ஸ் கார், ஹொண்டா சிஆர்-இசெட் போன்றது, முச்சக்கரவண்டி விலைக்குக் கிடைக்கிறதாம், அண்ணா வெளிநாட்டில் இருந்து காசு அனுப்புகிறாராம். ஆசைக்குக் குற்றம் சொல்ல மாட்டோம். இவ்வளவு இழந்த பிறகு அழகான ஒன்று வேண்டும் என்று தோன்றுவது இயல்பு. ஆனால் ஸ்போர்ட்ஸ் கார் தரையோடு ஒட்டிய கார். ஒரே அளவு வெள்ளத்தில் லொறிக்கு ரயர் நனையும்போது அதற்கு ஆசனமே நனைந்துவிடும். ஆகவே 'கொஞ்சம் தண்ணி' என்ற பேச்சு அதற்குப் பொருந்தாது. சிஆர்-இசெட் ஹைபிரிட் கார், பற்றரி பின் தட்டுக்கு அடியில். உதிரிப்பாகம் மாத்தளை நகரத்தில் தேடிக் கிடைப்பதும் கஷ்டம். உடைந்த தோட்டப் பாதையில் அதன் வயிறு தட்டும். தம்பிக்கு மோட்டார் சைக்கிள் ஒன்று வாங்கிக் கொடுத்து, மீதியை வங்கியில் போடச் சொல்லுங்கள்.

உங்கள் சொந்த வாகனமே மூழ்கியிருந்தால்

முழுக் காப்புறுதி இருந்து, அதில் வெள்ளமும் மண்சரிவும் சேர்க்கப்பட்டிருந்தால், கம்பனி இரண்டு தொகை சொல்லக்கூடும். வாகனத்தை அவர்களிடம் ஒப்படைத்தால் ஒரு தொகை; உடைசலை நீங்களே வைத்துக்கொண்டால் அதைவிடக் குறைந்த ஒரு தொகை. பழகிய வண்டி என்ற பாசத்தில் பலர் இரண்டாவதை எடுத்துவிடுகிறார்கள். அந்த வித்தியாசம் என்பது உடைசலுக்கு நீங்கள் கொடுக்கும் விலை என்று நினைத்துக்கொள்ளுங்கள். அதே உடைசலை வீதியில் வேறொருவர் அந்த விலைக்கு விற்றால் வாங்குவீர்களா? மாட்டீர்கள் என்றால் ஒப்படைத்துவிடுங்கள். கம்பனி சொன்ன தொகை நியாயமில்லை என்று பட்டால் கையெழுத்துப் போட முன்னர் எழுத்தில் மறுப்புக் கொடுங்கள். இலங்கைக் காப்புறுதி ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழுவுக்கும் காப்புறுதிக் குறைகேள் அதிகாரிக்கும் முறையிட வழி உண்டு. கடிதம் எழுத எங்கள் உதவி மேசையில் கேளுங்கள்.

மூன்றாம் தரப்புக் காப்புறுதி மட்டும் இருந்தவர்களுக்கு வாகனத்துக்காக ஒரு சதமும் வராது. அவர்கள் செய்யக்கூடியது, வண்டியை ஸ்டார்ட் பண்ணிப் பார்க்காமல் இருப்பது. முதலில் பற்றரியைக் கழற்றி, பிளக்கைக் கழற்றி நீரை வெளியேற்றி, எல்லா ஒயிலையும் மாற்றிய பிறகே எஞ்சினைச் சுற்ற வேண்டும். இங்கே ஒரு நியாயம் உண்டு: உங்கள் சொந்த வண்டி எவ்வளவு நேரம், எவ்வளவு உயர நீரில் நின்றது, யாராவது திறப்பைத் திருப்பினார்களா என்று உங்களுக்குத் தெரியும். அதனால் உங்கள் வண்டியைத் திருத்துவது, அந்நியர் வண்டியை வாங்குவதைவிட எப்போதும் தெளிவான முடிவு.

வாங்குவது என்று தீர்மானித்தால்

முதலில், எங்கே குடியிருக்கப் போகிறீர்கள் என்பது முடிவாகட்டும். உங்கள் காணி மண்சரிவு அபாயம் உள்ளதா என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் இன்னும் சொல்லவில்லை என்றால், வேறிடத்துக்குப் போக நேரலாம். மலையில் உழைக்க வாங்கிய வண்டி, உங்களை உக்குவெலையில் குடியேற்றினால் பொருந்தாமல் போகலாம். வீட்டுக்காகத் தந்த உதவிப் பணத்தில் கை வைக்க வேண்டாம். அடுத்த தவணை வீட்டு வேலையைப் பார்த்துத்தான் வரும்.

விற்பவரின் ஆளில்லாத, உங்களுக்குத் தெரிந்த கராஜ் பாஸ் ஒருவரைக் கூலி கொடுத்துக் கூட்டிப் போங்கள். காலையில், எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது போங்கள். நீங்கள் வர முன்னரே ஓட்டிச் சூடாக்கி வைத்திருந்தால் இன்னொரு நாள் வருவதாகச் சொல்லுங்கள். ஏற்றத்தில் ஆளோடு ஓட்டிப் பாருங்கள். காப்புறுதிக் கம்பனியிடமும் லீசிங் கம்பனியிடமும் வாகன இலக்கத்தைக் கொடுத்து, இதற்கு முழுக் காப்புறுதி தருவீர்களா, கடன் தருவீர்களா என்று கேளுங்கள். அவர்கள் தயங்கினால் காரணம் இருக்கும்.

விலை பேசி முடிந்ததும் ஒரு தாளில் எழுதி வாங்குங்கள்: வாகன இலக்கம், சேஸி இலக்கம், தொகை, திகதி, "இந்த வாகனம் வெள்ளத்திலோ மண்சரிவிலோ சிக்கவில்லை, காப்புறுதிக் கம்பனி இதை முழு இழப்பாக அறிவிக்கவில்லை" என்ற வாசகம், விற்பவரின் கையெழுத்து, அடையாள அட்டை இலக்கம், இரண்டு சாட்சி. உங்களுக்குத் தமிழ் மட்டும் வாசிக்கத் தெரிந்தால் தமிழிலேயே எழுதுங்கள். சிங்களத்தில் எழுதினால் வாசித்து விளக்க உங்கள் ஆள் ஒருவர் பக்கத்தில் இருக்கட்டும். நேர்மையான விற்பனையாளர் இதில் கையெழுத்துப் போடத் தயங்க மாட்டார். "அதெல்லாம் எதுக்கு, நம்பிக்கைதானே" என்றால் பணத்தை எண்ண வேண்டாம். வியாபாரியிடம் வாங்கி ஏமாந்தால் நுகர்வோர் விவகார அதிகாரசபைக்கு 1977 என்ற இலக்கத்தில் சொல்லலாம்; அப்போது இந்தத் தாள்தான் பேசும்.

வாங்கிய பிறகு 14 நாட்களுக்குள் உரிமை மாற்றப் படிவங்களைக் கையளித்துப் புத்தகத்தை உங்கள் பெயருக்கு எடுத்துவிடுங்கள். தேவையான படிவங்கள், கட்டணம், போக வேண்டிய அலுவலகம் பற்றி அரசாங்கத் தகவல் நிலையத்தை 1919 இல் அழைத்துத் தமிழில் கேட்கலாம். புகைச் சான்றிதழும் காப்புறுதியும் இருந்தால்தான் பிரதேச செயலகத்தில் வருமான அனுமதிப்பத்திரம் எடுக்கலாம். எல்லாவற்றிலும் ஒரு பிரதி எடுத்து, பிளாஸ்திக் உறையில் போட்டு, வாகனத்துக்குள் அல்லாமல் வீட்டில் உயரமான இடத்தில் வையுங்கள்.